மூடியைத் திறக்காமல் நிற்பது: ஓசிடி சிகிச்சை எப்படி இயங்குகிறது?

வடிக்காமல் பொங்கும் சோற்றுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். அளவாகத் தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டுவிட்டால் அப்புறம் திறக்கக் கூடாது. பாதியில் திறந்தால் ஆவி போய்விடும். போன ஆவி மறுபடி கூடுவதற்குச் சில நிமிடம் ஆகும். அதற்குள் 'வெந்ததா இல்லையா' என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை திறந்தால், சேர்ந்த ஆவியும் போச்சு. சமைத்துப் பழகாத பிள்ளைகள் இப்படிப் பத்து தடவை திறந்து பார்த்து, மேலே வேகாத அரிசியும் அடியில் தீய்ச்சலுமாக ஒரு சோறு ஆக்குவார்கள். ஏன் திறந்தாய் என்று கேட்டால் வேகவில்லை, அதனால் திறந்தேன் என்பார்கள். திறந்ததால்தான் வேகவில்லை.

ஓசிடி என்று சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயின் இயக்கம் முழுவதையும் இந்த ஒரு சட்டியை வைத்தே விளக்கிவிடலாம். சிகிச்சையையும் விளக்கலாம். அந்தச் சிகிச்சையை டாக்டரிடம் நேரில் போய் எடுப்பதா, போனில் வீடியோ வழியாக எடுப்பதா என்று தவிப்பவர்களுக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது.

விருத்தாசலத்தில் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். செராமிக் பட்டறை ஒன்றில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறார். காலையில் சமையலை முடித்து, அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறார். தெரு முனை வந்ததும் 'அடுப்பை அணைத்தோமா?' என்று ஒரு எண்ணம். இது எல்லோருக்கும் வரும். நம்மில் பெரும்பாலோருக்கு 'அணைச்சாச்சு' என்று உள்ளே ஒரு குரல் சொல்லிவிடும், நாம் நடையைக் கட்டுவோம். இவருக்கு அந்தக் குரல் வருவதில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கிறார். அணைந்துதான் இருக்கிறது. மனது குளிர்கிறது. ஆனால் அந்தக் குளிர்ச்சி தெரு முனை வரைக்கும்தான் தாங்கும். இப்போது புதுச் சந்தேகம்: பார்க்கும்போது கை பட்டுத் திருகி இருக்குமோ? மறுபடி போகிறார். இரண்டாவது தடவை குமிழைத் தொட்டுப் பார்க்கிறார், மூன்றாவது தடவை ரெகுலேட்டரையும் மூடுகிறார். நாலாவது தடவை போனில் படம் எடுத்துக்கொள்கிறார். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபின் வீட்டுக்காரருக்கு போன்: "ஏங்க, நான் அடுப்ப அணைச்சேன் இல்ல?" அவரும் பாவம், "அணைச்சிட்டம்மா, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைக்கிறார். அவர் சொன்னதும் ஒரு மூடித் திறப்புதான். அன்பாகத் திறந்த மூடி.

திரும்பத் திரும்பப் பார்ப்பதால் உறுதி கூட வேண்டும் என்றுதானே நினைப்போம்? அது உண்மையா என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரல் கிண்டும் சோதித்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான ஆய்வு. ஓசிடி இல்லாத சாதாரண மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திறந்து மூடிச் சரிபார்க்கச் சொன்னார்கள், திரும்பத் திரும்ப. கடைசியாக எந்தெந்த பர்னரைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டபோது, பலமுறை சரிபார்த்தவர்களின் நினைவு தவறவில்லை, சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நினைவின் துலக்கமும், அதன்மேல் அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் சரிந்திருந்தன. 2006-ல் கனடாவின் மான்ட்ரியாலில் ஆடம் ராடோம்ஸ்கி குழுவினர் திரையை விட்டுவிட்டு நிஜ சமையலறையில் நிஜ அடுப்பை வைத்துச் செய்தார்கள். அதே முடிவு. எந்த நோயும் இல்லாதவர் மனதில்கூட, மூடியைத் திறக்கத் திறக்கச் சந்தேகம் வளர்கிறது.

விருத்தாசலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. செராமிக் தொழிலுக்கென்று தொழிற்பேட்டையும், அதையே டிப்ளமோவாகச் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் உள்ள ஊர் அது. அங்கே தூசிக்கு அஞ்சுவது நோயாகாது. பீங்கான் கலவையில் உள்ள சிலிக்காத் தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் வரும். பட்டறைத் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், முகக்கவசம் போடுவதும், சாப்பிடும் முன் கை கழுவுவதும் தேவையான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு ஒரு முடிவு இருக்கிறது: கையிலுள்ள களிமண் போனதும் குழாயை மூடிவிடுவோம். ஓசிடி வந்தவர் மண் போன பிறகும் கழுவுவார். மண் எப்போதோ போய்விட்டது. 'போதும்' என்ற உணர்வு வருவதற்காகக் கழுவிக்கொண்டிருக்கிறார். அது வராது. தோல் உரியும், தொட்டித் தண்ணீர் தீரும், வேலைக்கு நேரமாகும். இதை அக்கம்பக்கத்தில் 'ரொம்ப சுத்தம் பாக்கிற பொம்பள' என்று சிரித்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்காத விஷயம். அந்தப் பெண் சுத்தத்தை ரசித்துச் செய்யவில்லை. அழுதுகொண்டே செய்கிறார்.

வெளியில் தெரியாத வகை இன்னும் கொடுமை. அந்த ஊர்க் கோயிலின் ஆழத்துப் பிள்ளையார் சந்நிதியில் கை கூப்பும் நேரம் பார்த்து, சாமியைப் பற்றி ஓர் அசிங்கமான எண்ணம் வரும். கைக்குழந்தையைத் தூக்கிய தாய்க்கு, அரிவாள்மனை கண்ணில் பட்டதும் 'குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ' என்று வரும். உடனே மனதுக்குள் ஸ்லோகம், எண்ணிக்கை, மன்னிப்பு, 'நான் அப்படிப்பட்டவளா?' என்று ஓயாத விசாரணை. மூடியைத் திறக்கும் கை வெளியே தெரியவில்லை என்பதுதான் வித்தியாசம். இவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பைத்தியம் என்பார்கள், பாவி என்பார்கள் என்ற பயம். இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா, ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து 1978-ல் வெளியிட்டது. எந்த நோயும் இல்லாத சாதாரண மக்களைக் கேட்டபோது ஐந்தில் நால்வர், இப்படி அழையாமல் நுழையும் எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்கள். எண்ணத்தின் உள்ளடக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், எது நோயாளியுடையது, எது மற்றவருடையது என்று பிரிப்பது வல்லுநர்களுக்கே சிரமமாக இருந்தது. எண்ணம் வருவது நோயில்லை. வந்த எண்ணத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் நோய் இருக்கிறது.

இந்தியாவில் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்றால், விருத்தாசலத்தில் எந்தத் தெருவும் தப்பாது.

சரி, சட்டிக்கு வருவோம். சிகிச்சைக்கு இரண்டு வழி: தீயைக் குறைப்பது, மூடியைத் தொடாமல் இருப்பது.

தீயைக் குறைப்பது மருந்து. ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸமின், எஸ்சிடலோபிராம் போன்றவை முதலில் தரப்படும். இவற்றுக்கு மசியாவிட்டால் பழைய மருந்தான க்ளோமிப்ரமின். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு வேண்டியிருக்கும். பலன் முழுதாகத் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துபவர்கள் ஏராளம். மருந்தைக் குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

மூடியைத் தொடாமல் இருக்கப் பழக்குவதற்கு ஈஆர்பி என்று பெயர்: பயத்தை வேண்டுமென்றே எதிர்கொள்வது, எதிர்கொண்டபின் வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் நிற்பது. இதைத் தொடங்கிவைத்தவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர், 1966-ல். அதுவரை ஓசிடியைத் தீராத நோய் என்றே விட்டிருந்தார்கள். நாள் முழுதும் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவர் மருத்துவமனையில் வைத்து, அழுக்கு என்று அவர் அஞ்சிய பொருட்களைத் தொடவைத்து, அறைக்குத் தண்ணீர் வருவதையே நிறுத்தினார். செவிலியர் கூடவே இருந்தார்கள். வெறும் இரண்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரைதான் அது. ஆனால் அதற்குப் பின் வந்த ஈஆர்பி சிகிச்சை அனைத்தும் அந்த மூடிய குழாயிலிருந்து வந்தது.

இன்று யாரும் அப்படித் தடாலடியாகக் குழாயை மூடுவதில்லை. நோயாளியும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து, எது எது எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் எழுதுகிறார்கள். நடுவாந்திரமான ஒன்றில் தொடங்கி மேலே போகிறார்கள். பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வு, இடையே தினமும் வீட்டுப்பாடம். அமெரிக்காவில் எட்னா ஃபோவா, மைக்கேல் லீபோவிட்ஸ் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், பன்னிரண்டு வாரத்தில் நன்கு தேறியவர்கள் ஈஆர்பியில் 62 சதவீதம், க்ளோமிப்ரமினில் 42, இரண்டும் சேர்த்ததில் 70, வெற்று மாத்திரையில் 8. அதற்கு முன்பே, 1992-ல், லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் தேறியவர்களுக்கும் பயிற்சியால் தேறியவர்களுக்கும் மூளையின் ஆழத்தில் காடேட் என்ற ஒரே பகுதியின் அதிவேகம் தணிந்திருந்தது. தீயைக் குறைத்தாலும் மூடியைக் காத்தாலும் வேகும் சோறு ஒன்றுதான்.

ஓர் அமர்வு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். நாம் கற்பனை செய்த அதே பெண், அதே சமையலறை. போன் அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து சிகிச்சையாளர் திரையில் பார்க்கிறார். அந்தப் பெண் அடுப்பை ஒரு தடவை அணைக்கிறார். தொட்டுப் பார்க்கவில்லை, படம் எடுக்கவில்லை. காதில் இயர்போனோடு வீட்டைப் பூட்டித் தெரு முனை வரை நடக்கிறார்.

"இப்ப எவ்வளவும்மா இருக்கு, நூத்துக்கு?"

"எண்பது மேடம். ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடட்டா? நீங்க பாத்தீங்க இல்ல, அணைஞ்சிதானே இருந்துது?"

இந்த இடம்தான் முக்கியம். 'ஆமாம், அணைந்திருந்தது' என்று சொல்வது எவ்வளவு எளிது! நல்ல சிகிச்சையாளர் சொல்ல மாட்டார்.

"அணைஞ்சிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாமயே கொஞ்ச நேரம் நிப்போம். நான் உங்க கூடத்தான் இருக்கேன்."

எண்பது எண்பத்தைந்தாகும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். பிறகு எழுபது, மறுபடி எழுபத்தைந்து, மெல்ல ஐம்பது. சில நாள் குறையவே குறையாது. அதுவும் தோல்வி இல்லை. பயம் இறங்குவதைவிடப் பெரிய பாடம், பயம் இருக்கும்போதே பஸ் ஏறிப் பட்டறைக்குப் போக முடிகிறது என்பது. முதலில் ஆவி தடதடவென்று மூடியைத் தூக்கும். தொடாமல் நின்றவருக்குத்தான் அது தானாக அடங்குவது தெரியவரும்.

நேரிலா, ஆன்லைனிலா என்ற கேள்விக்கு இனி பதில் சொல்லலாம். சளி, இருமல் போல இந்த நோயைப் பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போக முடியாது. அடுப்பு வீட்டில் இருக்கிறது, குழாய் வீட்டில் இருக்கிறது, பூஜை மாடம் வீட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் குழாயில் பத்து விநாடியில் கை கழுவி முடிப்பவர், வீட்டுக் குழாயில் முக்கால் மணி நேரம் நிற்பார். ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில்லை, வீடு அவர் பொறுப்பு. அதனால் பல மனநோய்களுக்கு ஈடுகட்டும் வழியாக மட்டுமே இருக்கும் வீடியோ, ஓசிடிக்கு ஒரு படி மேலே போகிறது: சிகிச்சையாளரை அது நேராக அடுப்படிக்கே கொண்டுவந்து விடுகிறது. கூடவே, தமிழில் ஈஆர்பி செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், கூடத் துணைக்கு வருபவரின் கூலியும் போகும். நாலு வாரத்தில் நின்றுவிடும்.

பலனைப் பற்றிய சான்று? ஸ்வீடனில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 152 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. ஒரு சாராருக்கு முதலில் இணையவழிப் பயிற்சி, அதில் தேறாதவர்களுக்கு மட்டும் பிறகு நேரில். மறு சாராருக்குத் தொடக்கம் முதலே நேரில். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் சமம். பெரியவர்கள் 120 பேரை வைத்து 2022-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு அவ்வளவு தெளிவாக இல்லை: எல்லாரும் முன்னேறினார்கள், ஆனால் இணையவழி நேரடிக்குச் சமம் என்று அடித்துச் சொல்லும்படி கணக்கு வரவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இணையவழி என்றால் பெரும்பாலும் எழுதிய பாடங்களும் இடையிடையே சிகிச்சையாளரின் செய்திகளும்தான். முகம் பார்த்துப் பேசும் வீடியோ அமர்வு அதைவிட நேர்ச் சந்திப்புக்கு நெருக்கமானது.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் 2010-லேயே புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து சென்னையிலுள்ள மனநல மருத்துவரோடு வீடியோவில் பேசுவார். மருந்து அந்தப் பஸ்ஸிலேயே கிடைக்கும். அது முக்கியமாகத் தீவிர மனநோய்களுக்கானது. ஆனால் திரையில் தெரியும் டாக்டரிடம் கிராமத்து மக்கள் மனம் விட்டுப் பேசுவார்களா என்ற சந்தேகத்துக்கு அந்த பஸ் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலை மருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்ட பிறகு, பதிவுபெற்ற மருத்துவர் வீடியோவில் பார்த்து மருந்து எழுதுவதற்கும் முறையான இடம் கிடைத்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், முதல் சந்திப்பு நேரில் இருக்கட்டும் என்பேன். இது ஓசிடிதானா, வேறு மனநோயா, உடல் நோயின் வெளிப்பாடா என்று பிரித்தறிய உடலைப் பார்க்க வேண்டும். க்ளோமிப்ரமின் தரும் முன் இதயத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள், எடை குறையும் அளவுக்குச் சாப்பாட்டை விட்டவர்கள், வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறவர்கள், இவர்களுக்கு நேர்ச் சிகிச்சைதான் சரி. இன்னொரு காரணம், வீட்டின் அளவு. இரண்டு அறை வீட்டில் மாமியார் பக்கத்து அறையில் இருக்கும்போது, குழந்தையையும் அரிவாள்மனையையும் பற்றி வரும் எண்ணத்தை எந்தத் தாய் போனில் சொல்வாள்? அதைச் சொல்லச் சாத்திய கதவு ஒன்று வேண்டும். சொன்னபின், அடுப்புக்கான பயிற்சியை வீட்டில் வீடியோவில் தொடரலாம்.

ஆன்லைனில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறு. 'எந்த நேரமும் உங்கள் ஆலோசகருக்கு மெசேஜ் அனுப்பலாம்' என்று விளம்பரம் செய்யும் சேவைகள். மற்ற துயரங்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். ஓசிடி வந்தவர் கையில் அது மூடியின் கைப்பிடி. இரவு பதினொரு மணிக்கு 'இப்படி நினைத்ததால் நான் கெட்டவளா?' என்று அனுப்புவார், 'இல்லவே இல்லை' என்று பதில் வரும், பத்து நிமிடத்தில் அடுத்த கேள்வி. கூகுளில் தேடுவதும், ஏஐ செயலியிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே கணக்கில்தான் சேரும். நேரில் போனாலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை: 'ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இருங்க' என்று வாரா வாரம் சொல்லி அனுப்பும் கவுன்சலிங், கட்டணம் வாங்கிக்கொண்டு மூடியைத் திறந்துவிடுகிறது.

எங்கிருந்து தொடங்குவது? 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் வந்த டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பார்க்கிறாரா, எந்தக் கிழமை என்று விசாரிக்கலாம். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர். மிகக் கடினமான நிலைக்கு பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வீட்டுக்காரரையும் ஒரு தடவையாவது கூட அழைத்துப்போக வேண்டும். 'அணைச்சிட்டம்மா' என்ற பதிலுக்குப் பதிலாக என்ன சொல்வது என்று அவருக்கும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமல்லவா? அந்தப் பதிலை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு, படிப்படியாக.

திரையிலோ நேரிலோ, சிகிச்சையாளரிடம் முதல் நாளே சிலவற்றைக் கேட்டுவிடலாம். கூச்சப்படத் தேவையில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார். ஈஆர்பி செய்வீர்களா, இதற்கு முன் ஓசிடிக்குச் செய்திருக்கிறீர்களா? வீட்டுப்பாடம் உண்டா? நான் தேறுகிறேனா என்று எதை வைத்து அளப்பீர்கள்? யேல்-பிரவுன் அளவுகோல் என்று பத்துக் கேள்வி கொண்ட ஒன்று இருக்கிறது. 40-க்கு எத்தனை என்று மார்க் வரும், மாதம் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். அப்புறம் கடைசியாக ஒன்று: நான் ஒரே சந்தேகத்தைப் பத்து தடவை கேட்டால், பத்து தடவையும் பதில் சொல்வீர்களா? சொல்வேன் என்று அவர் கனிவோடு சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைத் தேடுங்கள்.